கிரேன் அக்கா ஏன் அழவில்லை

பதினேழு. இந்த எண்ணை மறக்காதீர்கள். பளுதூக்கும் சங்கத்தின் விசாரணைக் குழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடித்தது இதைத்தான். ‘புகார்தாரர் பதினேழு முறை சிரித்தார். ஆகவே அவருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.’ முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

புகார்தாரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரேன் அக்கா என்பார்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மாடியிலிருந்து மெஷினை இறக்க மற்ற கடைக்காரர்கள் மூன்று ஆள் தேடுவார்கள். அக்கா ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு, பாதிப் படியில் நின்று வீட்டுக்காரரிடம் ஊர்க்கதையும் பேசுவார். இருபத்திரண்டு வயதில் சங்கத்துக்காக எடை தூக்கியவர். அப்போதுதான் பயிற்சியாளன், எடை பார்க்கும் அறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவர் மேல் கை வைத்தான்.

அதே ஆள் வருகிற திங்கட்கிழமை பெண்கள் முகாமுக்குத் தலைமைப் பயிற்சியாளனாகப் போகிறான். அதைத் தடுக்கத்தான் அக்கா பதினைந்து வருடம் கழித்து வாயைத் திறந்தார். மேல்முறையீடு வெள்ளிக்கிழமை. அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

“அண்ணி, இந்தத் தடவை அழுதுடுங்க,” என்றாள் கடையில் கூட வேலை பார்க்கும் நாத்தனார். “அவங்களுக்கு வேண்டியது அவ்வளவுதானே.”

“வந்தாதானேடி அழறதுக்கு?”

“உங்கம்மா போய்ட்டதா நெனைங்க.”

“எங்கம்மாவா? எமனே வந்தாலும் வாசல்லயே நிக்க வெச்சு திட்டி அனுப்பிடுவா.”

“சரி, எங்கண்ணன நெனைங்க.”

“உங்கண்ணன நெனச்சா இன்னும் சிரிப்புதான் வருது.”

நாத்தனார் விடவில்லை. கண்ணாடி முன் நிறுத்தி உதட்டைப் பிதுக்கச் சொன்னாள். மூக்கை உறிஞ்சச் சொன்னாள். அக்கா உறிஞ்சிய வேகத்தில் சோப்புத் தூள் உள்ளே போய், வரிசையாகத் தும்மல். மெஷினோடு வந்த வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, “மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, மெஷின அப்புறம் பாத்துக்கலாம்,” என்று நழுவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மூன்று பேர், ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு கோடு போட்டு எண்ணுகிற அதே குமாஸ்தா அம்மாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“சொல்லுங்கம்மா. நிதானமா. கொஞ்சம் உணர்ச்சியோட.”

அக்கா உதட்டைப் பிதுக்கினார். பக்கத்திலிருந்து நாத்தனார் மூக்கை உறிஞ்சி ஜாடை காட்டினாள். அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. குமாஸ்தா அம்மாள் ஒரு கோடு போட்டார்.

“போடுங்கம்மா, நல்லா போடுங்க,” என்றார் அக்கா. “அவன் தாழ்ப்பாள் போட்டப்பவும் நான் சிரிச்சேன். பயம். சிரிச்சா வெளையாட்டா விட்டுடுவான்னு நெனச்சேன். விடல. அன்னிலேர்ந்து இதப் பத்தி வாயத் தொறந்தாலே சிரிப்புதான் முந்திக்குது. அழறவங்க இருப்பாங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கறவங்க இருப்பாங்க. எனக்கு வாச்சது இது. என் சிரிப்ப எண்ணத் தெரிஞ்சுது. அவன் எத்தன தடவ தாழ்ப்பாள் போட்டான்னு யாராவது கேட்டீங்களா?”

தலைவர் கோப்பின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். கேட்டிருந்தால்தானே இருக்கும்.

“எத்தன தடவம்மா?” கேட்டது குமாஸ்தா அம்மாள். யார் அனுமதியும் வாங்கவில்லை.

“ஒம்பது,” என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே. இந்த முறை கோடு விழவில்லை.

அன்று மாலையே குமாஸ்தா அம்மாள் அவனிடம் பயிற்சி பெற்ற பெண்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார். சிலர் அழுதார்கள். சிலர் போனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை முகாமுக்கு வேறு பயிற்சியாளர் போனார். புதிய அறிக்கையில் சிரிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாப் பெண்களும் சொன்னதைக் கூட்டி ஒரு வரி இருந்தது.

தாழ்ப்பாள் போட்டது: நாற்பத்து மூன்று முறை.