சோமாலியாவுக்குத் திரும்பப் போகிறவர்

தாம்பரத்தில் நான் ஏறிய மின்சார ரயிலில் ஒரு சோமாலிய மாணவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்ற உயரம். ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகையின் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார்.

நான் அரசியல் அறிவியல் பேராசிரியர். கேட்க ஒருவர் சிக்கினால் விடமாட்டேன். பல வருட உள்நாட்டுப் போர், குலங்களுக்குள் பகை என்று அவருடைய நாட்டின் எதிர்காலத்தை ஊரப்பாக்கம் வருவதற்குள் அவருக்கே விளக்கி முடித்தேன்.

"அங்க ஒண்ணும் தேறாது தம்பி. படிச்சு முடிச்சதும் கனடா போயிடுங்க. என் பையனும் அங்கதான் இருக்கான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. விடுதியில் பழகிய தமிழில் நிதானமாகச் சொன்னார்: "சார், எங்க அம்மா டீச்சர். சண்டையில ஸ்கூல் இடிஞ்சதும் வீட்டு சமையல்கட்டுல பாடம் நடத்தினாங்க. இப்ப அங்க கணக்கு சொல்லித்தர ஆள் இல்ல. நான் போகணும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மாணவர்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

"நீங்க நல்லா பேசறீங்க சார். எங்க பசங்களுக்கு வந்து அரசியல் சொல்லித்தரீங்களா?" என்று கேட்டார். அதில் துளியும் கிண்டல் இல்லை.

முந்தின வாரம் மழைக்குப் பயந்து லீவு போட்டிருந்த நான், "பாக்கலாம்" என்றேன். அவர் அதை நம்பி, தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொத்தேரியில் இறங்கினார். அந்தச் சீட்டு பர்ஸில்தான் இருக்கிறது. கூப்பிடத்தான் தைரியம் வரவில்லை.