இடப்பக்கம் குந்திரிக்கம்

என் அண்ணி துஃபூல் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அண்ணன் இறந்த பிறகு, கதவைத் தாழிட்டுவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தூபக்காலைக் கையில் எடுத்தால் மட்டும் நிமிர்ந்து நடப்பாள். வருகிறவர்களுக்குக் குந்திரிக்கம், புறப்படுகிறவர்களுக்கு அகில். அகில் புகை வந்துவிட்டால் எங்கள் ஓமானின் சலாலாவில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அன்று அவள் மகள் ஃபாயிசாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் பகீத்தாவும் அவளுடைய தங்கைகளும் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன வீடு.

"இதுவும் போச்சுன்னா என்னடி பண்ணுவேன்?" அண்ணி காலையிலிருந்தே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தூபக்கால்களை ஏற்றி வைப்பது ஃபாயிசாவின் வேலை. அவள் உடுத்திக்கொண்டிருந்ததால் நானே குந்திரிக்கம், அகில் இரண்டையும் ஏற்றி, மூடி போட்டு, அடுக்களை மேடையில் வைத்தேன். அண்ணி வந்து இடப்பக்கம் இருந்ததைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அகில் வாசனை வந்தது.

ஓடினேன். மூவரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"ஒரு பேரீச்சம்பழம்கூட வாயில வைக்கல. போன்னு சொல்றீங்களா?" பகீத்தாவின் முகம் சிவந்திருந்தது.

அண்ணி புகையையே பார்த்தாள். பிறகு, "மன்னிச்சிருங்க. எனக்கு வாசனையே தெரியாது. மூணு வருஷம் முன்னாடி வந்த காய்ச்சலோட போச்சு. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே தெரியாது. நானெல்லாம் ஒரு நாத்தனார்!

"எனக்குத் தெரியும்மா." ஃபாயிசா அறை வாசலில் நின்றிருந்தாள். "அதனாலதான் குந்திரிக்கத்த எப்பவும் இடப்பக்கமே வைக்கிறேன்."

அண்ணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கத்தை எடுப்பது தன் கைப்பழக்கம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பகீத்தா மெல்ல உட்கார்ந்தாள். "இவள நாங்க கூட்டிட்டுப் போயிட்டா உங்களுக்கு யாரு எடுத்து வைப்பா?"

ஃபாயிசா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அண்ணியோ மகளோ சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

அண்ணி தூபக்காலை என் கையில் கொடுத்தாள்.

"இத உள்ள வச்சிட்டு அதக் கொண்டா. இனிமே குந்திரிக்கம் இடப்பக்கம். மறந்துடாத."