கோமதித்தாய்க்கு ஒரு நாற்காலி

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கோமதித்தாய் உட்கார்ந்துவிட்டாள். எண்பத்து மூன்றாம் வருஷம் சங்கரன்கோவில் கடைத்தெருவில் அதுதான் பேச்சு. பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் பதில் சொல்லிக்கொண்டே, மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். போகட்டும், பஜ்ஜியாவது மிஞ்சியது.

அம்மா பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கோமதி அம்பாளே ஒத்தக்கால்ல நின்னு தவசு பண்ணினா. உனக்குச் செத்த நேரம் நிக்க முடியலையாட்டி?"

"அம்பாள் அவ இஷ்டத்துக்கு நின்னாம்மா. என்னை நீங்கள்லா நிக்கச் சொல்லுதிய."

அப்பா சண்முகையா ஜவுளிக்கடைக்காரர். மகளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிக் கணக்கில் பட்டம் வாங்கவைத்தவர்தான். ஆனாலும் ஊர் வாய்க்குப் பயந்தவர். அந்த நேரத்தில் மெட்ராஸில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி அவளை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது.

"கூட்டிட்டுப் போறேன். கெடச்சா வேலைக்குப் போ. கெடைக்கலன்னா, அடுத்து வாரவங்க முன்னால ஒழுங்கா நின்னு, தையில கழுத்தை நீட்டணும்" என்றார்.

அவள் சரி என்றாள். வேறு வழி?

கம்பெனியில் அவளைக் கூப்பிட்டது ஒரு ஏசி அறைக்குள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்காலியே இல்லை. மூவரும் ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்தார்கள். வந்த ஆளை நிற்கவைத்து, என்ன செய்கிறார் என்று வேடிக்கை பார்ப்பது அவர்கள் கண்டுபிடித்த புதுப் பரீட்சையாம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டு ஹாலில் வந்த அதே எரிச்சல்தான் அவளுக்கு வந்தது. வாயைக் கொடுத்தால் வேலை போகும், வேலை போனால் தையில் தாலி. தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

டவுன் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஆம்பளை உட்கார்ந்திருந்தால் நம் பக்கத்துப் பெண்கள் எப்படிக் கேட்பார்களோ, அப்படியே ஓரத்தில் இருந்த இளவட்டத்திடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. நான் உக்காரணும்."

அந்த மனுஷனும் பஸ்ஸில் எழுந்து பழகியவர் போல, சட்டென்று எழுந்துவிட்டார். அவள் அந்த நாற்காலியை இந்தப் பக்கம் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தாள்.

நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. "நிறைய பேர் நின்னுட்டே பதில் சொன்னாங்க. சிலர் வெளிய போய் சேர் எடுத்துட்டு வந்தாங்க. எங்களை யாரும் எழுப்பல" என்றார்.

"நிக்க வச்சுத்தான் கேக்கணும்னா நீங்களும் நில்லுங்க சார். எல்லாருமா நின்னே பேசுவோம்."

அப்புறம் கணக்கில் கேள்விகள் கேட்டார்கள், சொன்னாள். முடிவைத் தபாலில் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் காத்திருந்த சண்முகையா நடந்ததைக் கேட்டுக் கொதித்தார். "என் பிள்ளைய நிக்க வச்சானுவளா? படிச்ச பயலுவளுக்கு மரியாதை தெரியாண்டாமா? இரு, நான் போயி ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தானப்பா நிக்க வச்சிய. இங்கனயாவது யாரும் பாடச் சொல்லல."

படியேறப் போனவர் நின்றுவிட்டார். அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கார்த்திகை பிறந்தும் தபாலைக் காணோம். தென்காசியிலிருந்து அடுத்த கூட்டம் பெண் பார்க்க வந்து இறங்கியது. கோமதித்தாய் பட்டுச்சேலை கட்டிக் காபித் தட்டோடு வந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று, நிற்கத்தான் வந்தாள்.

சண்முகையா எழுந்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு மக்கா."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ன அண்ணாச்சி, நீங்க நிக்கியளே?"

"நான் நின்னுக்கிடுதேன். என் மக நிக்க மாட்டா. ஒத்துவந்தா மேக்கொண்டு பேசுவோம்."

ஒத்துவரவில்லை. அன்றைக்கும் பஜ்ஜி மிஞ்சியது.

தை மாசம் கம்பெனி ஆர்டர் வந்து, கோமதித்தாய் மெட்ராஸுக்கு ரயிலேறினாள். மகளுக்கு அங்கே என்ன வேலை என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி சண்முகையாவுக்கு என்ன தெரியும்? "உக்காந்து பாக்குத வேலை" என்றார்.