தெருவுக்கெல்லாம் ஒரே மெயில் ஐடி

எங்கள் தெருவில் யார் எந்த மனுப் போட்டாலும், மெயில் ஐடி என்று கேட்கும் இடத்தில் என்னுடையதைத்தான் எழுதுவார்கள். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதுவும் பஸ் போர்டுகளைப் பார்த்து வந்த படிப்பு. இங்கிலீஷில் இருக்கும் என் ஐடியை எனக்கே வாசிக்க வராது. அதன் உருவம் மட்டும் தெரியும், தூரத்தில் வரும் ஆளை நடையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவது போல.

அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியும்போதே கரையில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு உச்சிப்புளிக்குப் போவேன். திரும்பும்போது ஆட்களை ஏற்றி வருவேன். என் மகனுக்குச் சார்ஜாவில் ஒரு வேலை அமைந்தது. விசாவை மெயிலில்தான் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். மெயில் என்றால் ரயில்தான் எனக்குத் தெரியும். உச்சிப்புளி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தம்பியிடம் போனேன். மகன் அன்று கடலில் இருந்தான்; அவன் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. "ஒங்க பேர்லயே ஒண்ணு போட்டுருவோம்ணே" என்றான் அந்தத் தம்பி. போட்டான்.

அந்த வாரமே விசா வந்துவிட்டது. அடுத்து எதிர்வீட்டு பாய் தன் மகனுக்கு என் ஐடியைக் கேட்டார். அவனுக்கும் வந்தது. அதோடு பேர் பரவிவிட்டது, ராசியான ஐடி என்று. காலேஜுக்கு மனுப் போட்டாலும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டாலும், தாளும் சர்டிபிகேட்டுமாக என் வேனில் கொடுத்துவிடுவார்கள். பிரவுசிங் சென்டர் தம்பி அவற்றை ஸ்கேன் எடுத்து என் மெயிலில் சேர்த்துவைப்பான். பதில் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான். நான் வீடு வீடாகக் கொடுப்பேன். டீச்சர் வேலை கிடைத்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "எம் மார்க்கு ஷீட்டுல நெத்திலி வாடண்ணே. அதப் பிரிச்சுப் பாக்க முடியாமத்தான் எனக்கு வேலையக் குடுத்துட்டாக."

பிறகு கண்ணில் புரை விழுந்தது. வேனை விற்றேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. மகன் அனுப்பிய போனுக்குள் என் மெயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வப்போது டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். "ராசாவுக்கு ஓல வந்துருக்கு" என்பாள் என் மனைவி. நான் திறந்து பார்த்ததே இல்லை. என்ன இருந்தாலும் அது ஒரு பெட்டி, போட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் நிறையும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை. அப்பா இல்லாத பிள்ளை. அம்மா வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்துத்தான் அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். அம்மாவுக்கு நான் அண்ணன் முறை, பிள்ளைக்கு மாமா. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் இண்டர்வியூ போய் வந்திருந்தாள். கூடப் போனவர்களுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை; என் போனில் டிங் கேட்டே பல நாளாகியிருந்தது. உப்பளத்திலிருந்து திரும்பிய அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதை என் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் முகத்தில் கோபம்.

"மாமா, ஒங்க போனக் குடுங்க" என்றாள். "ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ரெண்டு தடவ அனுப்பினாகளாம். ஒங்க மெயிலு நெறஞ்சுபோச்சுன்னு திரும்பி வந்துருச்சாம். புதன்கெழம இன்னொரு தடவ அனுப்புறாக. அதுக்கும் பதில் இல்லன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

"ஒனக்குன்னு ஒரு ஐடி இல்லையாத்தா?"

"இருக்கு மாமா. காலேஜுலருந்தே இருக்கு. அதத்தான் எழுதுனேன். இந்தா நிக்கிறாகளே, இவுக விட்டாத்தான? ராசியான ஐடிதான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாக."

அம்மா சேலை முந்தியைத் திருகிக்கொண்டே, "இப்ப மாத்திக் குடுக்க முடியாதா?" என்றாள்.

"மாத்தணும்னா மொதல்லருந்து மனுப் போடணும்."

என் மனைவி போனை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அன்று வீட்டில் சமையல் நடந்த நினைவே எனக்கு இல்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மெயிலாக விரலால் தள்ளிப் பார்க்கத் தொடங்கினாள். செருப்புக் கம்பெனி, சேலைக் கடை, லோன் வேணுமா, பரிசு விழுந்திருக்கு. என் மகன் எழுதியதைவிட அந்தச் செருப்புக் கம்பெனி எனக்கு அதிகம் எழுதியிருந்தது. நடுவில் ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அத்த, மாமாவுக்குப் பொண்ணு பாத்துருக்காக. மூணு பேரு ஜாதகம் பொருந்துதாம்."

"நல்ல எடமாப் பாத்து முடிச்சுவிடு. அந்தப் பிள்ளையாச்சும் இவுகளுக்குக் கஞ்சி காச்சட்டும், நான் எம் மகன்கிட்டப் போறேன்" என்றாள் மனைவி.

மளிகைக் கடைக்காரர் தன் மகனுக்காகக் கல்யாணத் தரகு கம்பெனியில் பதிந்தபோது என் ஐடியைக் கொடுத்திருக்கிறார். மகனுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டது. கம்பெனி மட்டும் இன்னும் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அழித்தும் இடம் கிடைக்கவில்லை. இடத்தை அடைப்பது விளம்பரம் இல்லையாம். தெருவே கொடுத்து ஸ்கேன் எடுத்த படங்களும் சர்டிபிகேட்டுகளும்தானாம். "மொத்தமாப் பிடிச்சு அழிச்சுரவா மாமா?" என்று கேட்டாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன் கூடையோடு கூடையாக ஏற்றினாலும், ஒருத்தர் தாளைக்கூட நான் தொலைத்ததில்லை. "அடுத்தவுக பொருளு, ஒரு வார்த்த கேட்டுக்கிருவோமே" என்றேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு இருந்ததோ புதன்கிழமை வரைதான். "சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் வந்தாகணும்" என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மாவே தெருவுக்குள் சொல்லப் போனாள்.

நான் நினைத்தது வேறு. வேனை விற்ற பிறகு என் வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு குறை எனக்கு இருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக எதிர்வீட்டு பாய் வந்தார், தானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. பின்னாலேயே மளிகைக் கடைக்காரர், அந்த டீச்சர், வலைக்காரர்கள். கூடத்தில் இடமில்லை. என் மனைவி சட்டி நிறையத் தேநீர் போட்டாள். பிள்ளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

பாய் மகனின் விமான டிக்கெட் வந்தது. "அழிச்சுரும்மா. அதுல ஏறிப் போனவனுக்கு இப்ப முன்மண்டையில முடியே இல்ல."

டீச்சரின் மார்க் ஷீட் வந்தது. "வாட போயிருச்சா பாரு" என்றேன். "போகலண்ணே, அழிச்சுருங்க" என்றாள்.

தையல்காரர் சம்சாரம் கடைசியாக வந்தாள். தையல்காரர் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகிறது. மலேசியாவில் இருக்கும் மகளைப் பார்த்துவரப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்திருந்தார். போக முடியாமலே போய்விட்டது. அந்தப் போட்டோ இதற்குள் கிடந்தது. யாருக்கோ தைத்து வைத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு, காலரை அளவு பார்ப்பது போல் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். அந்த அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"இது கெடக்கட்டுமே. எடத்த அடைக்குமா?" என்று பிள்ளையிடம் கேட்டாள்.

"இல்லக்கா. ரொம்பச் சின்னது."

எல்லாரும் போன பிறகு, "நெசமாவே சின்னதா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இருக்குறதுலயே அதுதான் பெருசு. வேற எதையாச்சும் அழிப்போம்" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றும் மறுநாளும் அழித்தாள். அப்படியும் நிறைந்திருக்கிறது என்றே போன் சொன்னது. செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "அழிச்சதெல்லாம் எங்கன போகுது?" என்றாள்.

"உள்ளயேதான் அத்த, குப்பைன்னு தனியா ஒண்ணு இருக்கு."

"பெருக்கி மூலையில குமிச்சா ஆச்சா? அள்ளிக் கொட்ட வேணாமா?"

பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தெரிஞ்ச விசயம் அத்த. பதட்டத்துல மறந்தே போனேன்." ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், இடம் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை அம்மா உப்பளத்துக்குப் போகவில்லை. நாங்கள் நாலு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உச்சிப்புளி நேவிக்காரர்களின் விமானம் வீட்டுக்கு மேல் போனபோது கூட யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது டிங் என்றது. பிள்ளை எடுத்து வாசித்தாள். முழுவதையும் வாசித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து வாசித்தாள்.

"என்னத்தா, கெடச்சிருச்சா?" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் சொல்லல, ராசியான ஐடின்னு" என்றாள். பிள்ளைக்கு வந்த சிரிப்பில் பதில் எழுதக் கை ஓடவில்லை.

அவள் மஸ்கட் போய்விட்டாள். பாதி நாள் ராத்திரி வேலை, ஆனால் நல்ல சாப்பாடு என்கிறாள். போவதற்கு முன் எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போனாள், இனிமேல் அவரவர் ஐடியைப் போட வேண்டும் என்று. எல்லாரும் சரி என்றார்கள். போன வாரம் மளிகைக் கடைக்காரர் தன் இளைய மகனுக்கு மனுப் போட்டதில், ஒரு பாதுகாப்புக்கு என்று என் ஐடியையும் சேர்த்து எழுதிவிட்டதாக வந்து சொன்னார். "இருக்கட்டும், நெறையிறதுக்கு முன்னால கொட்டிருவோம்" என்றேன்.

தையல்காரர் சம்சாரம் சில சாயங்காலங்களில் வருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நானே போனை எடுத்துத் திறப்பேன். முன்பு கிடந்த குவியலில் அவரைத் தேடியிருந்தால் என் கண்ணுக்கு அகப்பட்டிருக்கவே மாட்டார். இப்போது இரண்டு தள்ளு தள்ளினால் போதும், கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அந்த அம்மா பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவாள்.

இந்த ஐடியை என்னை நம்பி எழுதினார்கள். அழிக்கக் கூப்பிட்டபோது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிக்காத எனக்கு இது போதும்.