நீராவிப் பூதத்தின் குரல்

எங்கள் வீட்டில் நீராவி என்றால் புட்டு. அதனால் சென்னையிலிருந்து இயக்குநர் போனில் கூப்பிட்டுப் புதுப்படத்தின் கதையைச் சொன்னபோது எனக்குப் பெரிய மலைப்பு ஒன்றும் வரவில்லை.

"ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உயிரை வெச்சிருக்கிற பூதம் கதை சார். ஆனா மந்திரமே கிடையாது. எல்லாம் ஸ்டீம்ல ஓடணும். பல்சக்கரம், பித்தளைக் குழாய், பாய்லர்."

நான் இரணியல் பக்கத்தில் வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை செய்கிறவன். பூதத்துக்கு நெஞ்சில் பாய்லர் வைத்தேன். கைகளுக்கு, எங்கள் பக்கத்து வீடுகளில் ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை மெஷினை அப்படியே வரைந்தேன். அதில் விரலைக் கொடுத்தவர்களுக்கு அது எவ்வளவு பயங்கரமான சாமான் என்று தெரியும். முதுகெலும்புக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் புட்டுக் குழல்கள். கிளி பித்தளை. அதன் வயிற்றுக்குள் ஒரு சாவி. அந்தச் சாவியைப் பிடுங்கினால் பூதத்தின் பாய்லர் அணைந்துவிடும். அதைத் தேடி வருகிறவள் வெல்டிங் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண்.

"முதுகுல என்ன சார், பீரங்கியா?" என்றார், வரைந்ததைப் பார்த்த இயக்குநர். புட்டுக் குழல் என்றேன். "இருக்கட்டும், புதுசா இருக்கு" என்றார்.

சிக்கல் குரலில் வந்தது. வாயசைவு வரைய வேண்டுமானால் முதலில் வசனத்தை யாராவது பேசிப் பதிய வேண்டும். நிஜக் குரல் கொடுக்கிறவர் சென்னையில் பிறகு பேசிக்கொள்வார், இப்போதைக்கு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். நானே வாசித்துப் பார்த்தேன். போட்டுக் கேட்டால், வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற ஆள் மாதிரி இருந்தது. அந்தப் பூதத்தைக் கண்டு ஒரு கோழிகூட ஓடாது.

அப்போதுதான் அக்காவின் நினைப்பு வந்தது.

அக்கா அடுத்த வீட்டில் இருக்கிறாள். அத்தான் வளைகுடாவில். எங்கள் சபையின் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். கிறிஸ்மஸ் சமயம் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும்போது, கடைசி வீட்டுக்காரர்கள் இவள் குரலைக் கேட்டுத்தான் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார்கள். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தபிறகு அந்தக் குரல் போய்விட்டது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், ஆனாலும் நமக்கு ஆகும் என்று யார் நினைக்கிறார்கள்? எஞ்சியது ஒரு கரகரப்பு. சிமெண்ட் தரையில் தேங்காய்ச் சிரட்டையை உரசுகிற சத்தம் என்று அவளேதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அத்தானை முதல்முதலாகப் போனில் கூப்பிட்டாள். அவர் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து அந்த மனுஷன் அழுதார், மன்னிப்புக் கேட்டார், பலனில்லை. அதோடு அவள் வாட்ஸாப்பில் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள் என்னிடம் மட்டும் ஏதாவது பேசுவாள், கடையில் கையைக் காட்டி வாங்குவாள். ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டு, பாட்டுக்கு உதடு மட்டும் அசைப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். எங்கள் குடும்பத்தில் அவளைப்போல் சண்டை போட ஆள் கிடையாது. இரண்டு வருஷமாக அவள் சத்தம் இல்லாமல் வீடு பாழடைந்த மாதிரி கிடந்தது.

மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். மீனுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். பூதத்தின் வசனத்தை வாசித்துத் தருவாயா என்று கேட்டேன்.

"ஏலே, எனக்க தொண்டை உனக்குப் பூதமாட்டா தெரியுது?"

"ஆமா" என்றேன். யோசிக்காமல் வாயை விடுவதில் நான் ஊரறிந்தவன். சட்டியின் மூடி என் காதோரமாகப் பறந்து போயிற்று. வாயசைவு வரையத்தான், யாரும் கேட்கப் போவதில்லை, பிறகு அழித்துவிடுவார்கள் என்று வாசலில் நின்றபடியே கத்திச் சொன்னேன். வசனத் தாளைப் படியில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு மீன்குழம்பு வரவில்லை.

பிறகு ஒரு நாள் அவளே வந்தாள், தாளோடு.

"இதை எழுதினது யாருலே? பூதம் சும்மா உறுமிட்டே கெடக்கு. எத்தனையோ வருஷமா ஒத்தைக்கு இருக்கப்பட்டது. ஒரு பிள்ளை வாசல்ல வந்து நின்னா, 'நீ யாருக்க மோளு, எந்த ஊரு, சாப்பிட்டியா'ன்னு கேக்காதா? கேட்டுட்டுத்தானே திங்கும்?"

எங்கள் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரே யார் மகள், எந்த ஊர் என்று கேட்காமல் விடமாட்டார். பூதம் மட்டும் விட்டுவிடுமா? அந்த வரிகளைச் சேர்த்தோம். எதிரொலி வராமல் இருக்கச் சேலை அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து விறுவிறுத்துப் பதிந்தோம். "நீ யாருக்க மோளு?" என்று அவள் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது. கூடவே அந்தக் கேள்வியில் ஒரு பாசமும் இருந்தது.

அனுப்பிய அன்றே இயக்குநர் கூப்பிட்டார். "யாரு சார் இவங்க? வேற ஆளே வேண்டாம். இவங்கதான் பூதம்."

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "யாரும் கேக்கமாட்டான்னு சொன்னியா இல்லியா?" சொன்னேன்தான். பிள்ளைகளுக்கு முதலில் போட்டுப் பாருங்கள், பிறகு முடிவு செய்வோம் என்றார் இயக்குநர். அக்கா நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"போடு. யாருக்க குரல்னு சொல்லப்பிடாது. இந்தக் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிச்சா, அண்ணைக்கே அழிச்சிரணும். பிறவு என்னைப் பேசச் சொல்லி நீயும் வரக்கூடாது. ஒருக்காலும்."

சரி என்று சொன்னேன்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் சபைக் கூடத்தில் படம் போட ஏற்பாடாயிற்று. சன்னல்களையெல்லாம் மூடிப் போர்வை கட்டி இருட்டாக்கினார்கள். சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பாடகர் குழுவினர். அக்கா கடைசியாக வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

பூதம் வந்தது. பாய்லர் எரிந்தது, உருளைக் கைகள் சுழன்றன. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூதம் குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டது: "நீ யாருக்க மோளு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்பா? பெஞ்சில் அடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவன்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அக்கா எழுந்துவிட்டாள்.

அவர்கள் குரலைக் கேட்டுச் சிரிக்கவில்லை, இவ்வளவு பெரிய பூதம் நம்ம ஊர் ஆளாகிவிட்டதே என்று சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதை அவளிடம் யார் சொல்வது? லேப்டாப்புக்கும் கதவுக்கும் நடுவே கூடம் நிறையப் பிள்ளைகள். எழுந்து போக வழி தேடுகிறேன், பட்டென்று கரண்ட் போயிற்று. பேட்டரி செத்த என் லேப்டாப்பும் புரொஜெக்டரும் அணைந்தன. கும்மிருட்டு. ஃபேன்களும் நின்றன.

"பூதம் எங்க?" என்று ஒரு குரல். "பூதம் வேணும்! பூதத்தைப் பேசச் சொல்லுங்கோ!" ஒன்று தொடங்கினால் போதாதா, கூடமே கூப்பாடு போட்டது. டீச்சர்கள் அதட்டிப் பார்த்தார்கள். எவனும் அடங்கவில்லை. கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை.

"யாருலே அங்க சத்தம் போடுகது?" கதவோரமிருந்து பூதத்தின் குரல்.

ஒரு நொடி கூடம் அடங்கிப்போயிற்று. பிறகு எழுந்த ஆரவாரத்தில் ஓடு பறந்துவிடும் போல இருந்தது.

"பூதமே, நீ என்ன திம்பே?"

"கணக்கு படிக்காத பிள்ளைகளை."

"எனக்க அண்ணன் படிக்க மாட்டான்!"

"அட்ரஸ் சொல்லு மக்கா."

இப்படியே போயிற்று. நான் இருட்டில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். இடையிடையே சிரிக்கவும் செய்தேன், இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்குக்குத்தான் கஷ்டம். புழுக்கம் தாங்காமல் ஒரு டீச்சர் போர்வையை விலக்கிச் சன்னலைத் திறந்தார். பகல் வெயில் நேராகக் கதவுப் பக்கம் போய் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். பாடகர் குழுவும் திரும்பியது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். முந்தானை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. தழும்பு தெரிந்தது. அவள் கை கழுத்துக்குப் போயிற்று. ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்:

"பூதமே, இவ்வளவு பேசிதியே, தொண்டை வலிக்கல்லியா?"

அக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். கையைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"வலிக்கல்ல மக்கா. அடுத்தது கேளு."