மஞ்சள் ஏறிய காசு

பூட்டு வளையங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். படித்தது ஐந்தாவது வரை. நாலு பேர் நடுவில் யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். அன்றைக்கு அப்படி நழுவ முடியவில்லை.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான். முந்தின லீவில் அவன் எங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த ஒரு சென்ட் காசை அவள் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். தம்பி எழுந்து நடந்தால் பழனி உண்டியலில் அவன் கையாலேயே அதைப் போடுவதாக வேண்டுதல். அவன் தன் காலாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தான்.

பழனிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவனே முடிச்சை அவிழ்த்தான். காசைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினான்.

"மச்சான், இங்க பாருங்க. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது."

தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு. அச்சிலேயே எழுத்து இரண்டு தடவை விழுந்திருந்தால் அப்படி வருமாம். அந்தக் காசுக்கு வெளிநாட்டில் நல்ல விலையாம். முலாம் கிழிந்தாலும் அதே மாதிரிதான் தெரியுமாம். அதை யாரும் சீண்டமாட்டார்களாம். எல்லாம் அவன் வீடியோவில் பார்த்தது.

"மொலாம்னா நீங்கதான் மச்சான் சொல்லணும். நெசமான இரட்டைன்னா இத வச்சுக்கிட்டு உண்டியல்ல நோட்டாப் போட்டுருவோம்."

"ஏலே, அது சாமிக்குன்னு முடிஞ்சது," என்றாள் மனைவி.

"ஒத்தச் சென்ட்ட வச்சுச் சாமி என்னக்கா வாங்கும்?"

"உன் இடுப்ப வாங்கிக் குடுத்துச்சுல்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடியோடு வாசலுக்குப் போனேன்.

அந்தக் காசுக்கு உள்ளே துத்தநாகம், மேலே செம்புத் தோல். தோல் கிழிந்திருந்தால் கோடு சாம்பல் நிறத்தில் பள்ளமாக இருக்க வேண்டும். அச்சில் வந்த இரட்டை என்றால் கோடும் செம்பாக, மேடாக இருக்கும். பூட்டு வளையத்தின் வளைவில் முலாம் வெடிப்பதைத் தினமும் பார்க்கிறவன்தான் நான். ஆனால் இதில் மஞ்சள் ஏறியிருந்தது. சாம்பல் எது, செம்பு எது என்று பிரிக்க முடியவில்லை. நகத்தால் தடவினேன். ஓர் எழுத்தில் மேடாகப் பட்டது, அடுத்ததில் பள்ளமாக. திரும்பத் தடவினால் மாறிப் பட்டது.

"புளி போட்டுத் தேச்சாத் தெரியும்," என்றேன்.

"தேச்சா வெல போயிரும் மச்சான்."

"முடிஞ்ச காச யாராச்சும் தேய்ப்பாகளா?"

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவும் தம்பியும் ஒன்றாக இருந்தார்கள்.

"அப்டின்னா எனக்குத் தெரியல."

"பூட்டத் தொட்டுப் பாத்தே எந்தத் தொட்டியில முக்குனதுன்னு சொல்லுற ஆளு நீங்க."

"இது பூட்டு இல்லையே மாப்ள."

அவள் காசை வாங்கித் திரும்ப முடிந்தாள். "தெரியாத ஒண்ணுக்காக வேண்டுதல உடைக்க முடியாது," என்றாள்.

மறுநாள் மலையில் உண்டியலுக்கு முன்னால் அவன் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். முடிச்சோடு போட்டுவிட்டான். துணி சுற்றியிருந்ததால் சத்தமே வரவில்லை.

திரும்பும்போது பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மனைவி என் பக்கம் சாய்ந்து, "எனக்காகத்தான தெரியலன்னு சொன்னீக?" என்றாள். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டாள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் தம்பி என் தோளில் கை போட்டான். "அக்காளுக்குப் பயந்து மறைச்சுட்டீங்க. போகட்டும் மச்சான், விடுங்க."

அவனிடமும் இல்லை என்றுதான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

எனக்குத் தெரிந்திருந்தது என்று இரண்டு பேருமே அவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள். அதனால் பட்டறையில் சும்மா இருக்கும்போது விரலை மடக்கி அந்த நகத்தைப் பார்க்கிறேன். மேடாகத்தான் பட்டது என்று தோன்றுகிறது. அடுத்த வளையத்தைத் தொட்டியில் இறக்குவதற்குள் அது பள்ளமாகிவிடுகிறது.