முட்டுக்காட்டு மணல்மேட்டில் முதல் கூடை

முட்டுக்காட்டு முகத்துவாரத்தைக் காலையில் நடந்து காண விரும்பும் அன்பர்கள் வழி கேட்கும்போதெல்லாம், 1972ஆம் ஆண்டுத் தை மாதத்து ஞாயிறு ஒன்று என் நினைவில் எழுகிறது. அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கோவளத்தில் குடியேறியிருந்தார். அவர் இல்லத்து ஜெபக்கூட்டத்தில் வசனம் சொல்ல என்னை அழைத்திருந்தார். ஓய்வுநாளில் பேருந்து ஏறுவதோ எந்த வேலையையும் தொடுவதோ இல்லை என்பது என் தந்தையார் எங்கள் வீட்டில் வகுத்த ஒழுங்கு. ஆகவே சனிக்கிழமை மாலையே புறப்பட்டேன்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கேளம்பாக்கத்தில் வண்டி மாற வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்து ஒரு ரூபாயும் சில்லறையும் ஆயிற்று. உப்பளங்களைக் கடக்கையில் கண்டக்டர், “சார், இதான் கடசி வண்டி. திரும்ப காலைலதான்,” என்றார். திங்களன்றுதான் திரும்புவேன் என்றேன். “அப்ப சரி, நல்லா மீனு துன்னுட்டு வாங்க,” என்று சிரித்தார்.

மறுநாள் விடியுமுன் எழுந்து, ஜெபம் முடித்து, கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தேன். கோவளத்திலிருந்து முகத்துவாரம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். பனி இறங்கியிருந்தது. மேற்கே முழுநிலவு வெளிறி நின்றது. இடப்புறம் தாழம்புதர், வலப்புறம் கடல். நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் காத்திருப்பவர்களையே ஏன் மிகுதியாகப் பாடினார்கள் என்பது அந்த நேரத்தில் அந்தக் கரையில் நடந்தவர்க்கு விளங்கும். ஓதம் ஏறும், இறங்கும். கரையில் நிற்பவர் நின்றுகொண்டேயிருப்பார்.

அன்றும் அங்கே நின்றார்கள். காலம் தப்பிப் பெய்த மழையில் உப்பங்கழி நிரம்பிக் கிடந்தது. கடலும் கழியும் கலக்கும் வாயை மணல்மேடு அடைத்துவிட்டது. போக்கிடமற்ற நீர் கழியோரக் குடிசைகளுக்குள் புகுந்திருந்தது. மேட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். மண்வெட்டிகளும் கூடைகளும் மணலில் கிடந்தன. ஒருவரும் தொடவில்லை.

அது கத்தோலிக்க மீனவர் குப்பம். ஞாயிறன்று வலையையோ, கட்டுமரத்தையோ, மண்வெட்டியையோ தொடுவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. மீறினால் அந்த ஆண்டின் மீன்பாடு கெடும், முதலில் தொட்டவன் பெயர்தான் அடிபடும் என்ற அச்சம் வேறு. ஊர்ப் பெரியவர் சூசை அதில் உறுதியாக நின்றார். அவர் எதிரில், இடுப்புவரை நனைந்த புடவையுடன் ஆரோக்கியம் என்ற பெண்மணி நின்றார்.

“இன்னா பெரீப்பா, மத்தியானம் கடலு உள்வாங்கும். இப்ப வெட்னாதான் தண்ணி எறங்கும். செவுரு ஊறிப்போய் கீது. இன்னொரு ராத்திரி தாங்காது.”

“பொண்ணையும் கொயந்தையையும் கோயிலாண்ட தூக்கினு போ. நாளைக்கி விடிஞ்சதும் வெட்டலாம்.”

“அவுங்கள நான் தூக்குவேன். வூட்ட யாரு தூக்குவா? நீ தூக்குறியா?”

சிலர் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. ஆரோக்கியத்தின் குடிசையில் அவர் மகள் குழந்தை பெற்று எட்டு நாள் ஆகியிருந்தது. சுவரோ வெறும் களிமண்.

என் கையிலிருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்த சூசை, “சார், நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கெயம வெட்டலாமா?” என்றார்.

“அவுரு பிராட்டஸ்டண்டு மாதிரி கீறாரு. அவுங்களுக்கு நரகத்துலகூட தனி ரூமு,” என்றான் ஓர் இளைஞன்.

தீர்ப்புச் சொல்வது எளிது. சொல்லிவிட்டு நான் நடந்துவிடுவேன். பாடு கெட்டால் பழி அவர்களில் ஒருவர் மேல் விழும். ஆகவே புத்தகத்தை ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைக்க முயன்று, அதுவும் ஈரமாயிருக்கக் கண்டு, புறங்கைகளில் ஏந்திக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு மண்வெட்டியை எடுத்தேன்.

“வோணாம் சார். விருந்தாளி நீங்க,” என்று சூசை பிடியைப் பற்றினார்.

“விருந்தாளிக்கு உங்கள் கட்டுப்பாடு இல்லையே, ஐயா. நான் தாம்பரத்துக்காரன். என் பெயர் அடிபடட்டும்.”

அவர் பிடியை விட்டார். நான் வெட்டிய விதம் கண்டு, “மண்ண வெட்றாரா, கால வெட்டிக்கிறாரா?” என்று யாரோ கேட்டார்கள். ஒரு கூடை நிறைந்தது. அதைச் சுமந்துபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பியபோது, சூசை சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் எல்லோரும் இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு நான் சேற்று வேட்டியுடன் ஜெபக்கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இனிச் செல்வோர்க்குச் சில சொற்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் நிறைய உண்டு. மார்கழி, தை மாதக் காலைகளே உகந்தவை. ஏழரைக்குப் பின் வெயில் உறைக்கும். முகத்துவாரம் திறந்திருந்தால் நீர் ஆழமற்றுத் தோன்றினாலும் இறங்காதீர்கள், இழுப்பு பொல்லாதது. கரையில் நிற்பவர்களைக் கேட்டுவிட்டு நடங்கள்.

திங்கட்கிழமை காலை, பேருந்துக்கு முன் மீண்டும் அங்கே போனேன். கழி வடிந்திருந்தது. ஆரோக்கியத்தின் குடிசைச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது, ஆனால் நின்றது. உள்ளே குழந்தை அழும் ஒலி கேட்டது.

வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் சொன்னார்: “பெரீப்பா நேத்து சாயங்காலமே சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாரு சார். மொத கூட மண்ணு தாம்பரத்தாரோடது, மிச்சமெல்லாம் என்னுதுன்னு சொன்னாராம்.”

எங்கள் சபையில் குருவிடம் பாவம் அறிக்கையிடும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த ஒரு கூடை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. இறக்கிவைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.